கயிறு மட்டும் வந்தது

தல்லாகுளம், மதுரை
18-3-46

அன்புள்ள காசிமாயன் அண்ணனுக்குத் தம்பி வீரணன் எழுதிக்கொண்டது. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. மேலூர் வெயிலில் நீங்களும் சுட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும். உங்களைவிட சுட்டியைப் பற்றி முதலில் எழுதவும்.

நீங்கள் மாடு பிடித்துக் கொடுக்கிற சினிமாக் கம்பெனி 'வெள்ளைச்சுட்டி' நாவலைப் படம் எடுக்கிறது, நெற்றியில் வெள்ளை உள்ள செவலைக் காளை வேண்டும் என்று நீங்கள் வந்து நின்றபோது அக்கா சுட்டியைத் தர மறுத்துவிட்டது. "தாயில்லாக் கன்னுக்குச் சங்குல பாலூத்தி வளத்தது கூத்தாடுறதுக்கா?" என்று கேட்டது. நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன். படம் முடிந்ததும் பேரையூரில் கொண்டுபோய்க் கட்டுவது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். நினைவிருக்கட்டும்.

இப்போது விஷயம். நாவலின் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் எடுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கல்குவாரி ஏற்றத்தில் கல்வண்டி இழுத்து மாடு விழுகிற இடம். டைரக்டர் வைக்கோலை அடைத்து மேலே நாலு கல்லை அடுக்கப் போகிறாராம். டாக்கீஸில் ஆபரேட்டராக வருஷத்துக்கு நூறு படம் ஓட்டுகிறவன் சொல்கிறேன், அது திரையில் பல்லை இளிக்கும். பாரமில்லாத வண்டி துள்ளும். அச்சு முனகாது. மாடும் நடிக்காது, அதற்குப் பாரம் தெரிந்தால்தான் தலையைத் தாழ்த்தும். நிஜக் கல் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றம் பத்தடிக்கு ஓரடி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜோடி மாட்டுக்கு அரை டன் ஒன்றுமே இல்லை. டைரக்டர் தயங்கினால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

புத்தகத்தின் முடிவைப் பயந்துகொண்டு மாற்றிவிடாதீர்கள். நேரில் வர ஆசைதான். இன்னொரு ஆபரேட்டர் அம்மை கண்டு படுத்திருக்கிறார், கேபினை விட்டு அசைய முடியாது.

பதிலை எதிர்பார்க்கும்,
வீரணன்


பேரையூர்
10-4-46

தம்பி வீரணனுக்கு அக்கா மலையம்மாள் எழுதுறது. நானும் மயிலைக் காளையும் சொகம். நீ வேளைக்குச் சாப்பிடுறியா. அந்த மிசின் ரூம் சூட்டுல இருக்கிறவன் மோர் நிறையக் குடி.

நேத்து மேலூர்ப் பக்கமிருந்து புளி ஏத்தி வந்த வண்டிக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, காசிமாயன் கொடுக்கச் சொன்னான்னு ஒரு சுருளைக் கொடுத்துட்டுப் போனார். பிரிச்சுப் பாத்தேன். சுட்டியோட கழுத்துக் கயிறு. நான் திரிச்ச கயிறுதான், சிவப்புத் துணி முடிஞ்சது அப்படியே இருக்கு. கயிறு மட்டும் வந்தது. ஒரு வார்த்தை எழுதலை.

மாட்டை வித்தாத்தானே கயித்தை நாம வச்சுக்கிடுவோம். நான் விக்கலையே தம்பி. இரவல் போன மாடு கயித்தோட போய்க் கயித்தோட வரணும். அவனுக்குத் தெரியாததா?

என்னன்னு கேட்டு எழுது. மயிலை இடத்தன், சுட்டி வலத்தன். நுகத்துல அந்தந்தப் பக்கம் பழகின ஜோடி. வேற மாட்டைச் சேத்தா மயிலை தோளைக் கொடுக்க மாட்டேங்குது. ஒத்தை மாட்டை வச்சு நான் எதை உழ.

உன் காயிதத்துக்காகக் காத்திருக்கிற
அக்கா மலையம்மாள்


தல்லாகுளம்
14-4-46

அன்புள்ள அக்காவுக்கு வீரணன் வணக்கம். சௌக்கியமாக இருக்கிறேன். மோர் குடிக்கிறேன்.

கயிற்றுக்கெல்லாம் கவலைப்பட்டால் எப்படி? படத்தில் மாடு நாலு பேரிடம் கைமாறுகிறது. ஆளுக்கு ஒரு கயிறு, ஒரு மணி, ஒரு சலங்கை என்று கம்பெனியே வாங்கிப் போடும். உன் கயிறு தொலைந்துவிடக் கூடாதே என்று அண்ணன் அனுப்பியிருப்பார். அதில் ஒரு சகுனமும் இல்லை. சும்மா சும்மா மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஆடிக்கு முன்னால் சுட்டி உன் தொழுவத்தில் நிற்கும். அது என் பொறுப்பு.

அவசரத்தில் முடிக்கிறேன்.
உன் தம்பி வீரணன்


தல்லாகுளம்
2-6-46

அண்ணனுக்கு வீரணன் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். நலமில்லாதவர் இரண்டு கடிதத்துக்கும் ஒரு தந்திக்கும் பதில் போடாமல் இருந்தால் அர்த்தம் உண்டு.

மேலூர்ப் பக்கம் வேலை முடிந்து எல்லோரும் மெட்ராஸ் போய்விட்டதாக எங்கள் மானேஜர் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று எனக்கு எங்கள் மானேஜர் சொல்ல வேண்டியிருக்கிறது. மாடு எங்கே? இதற்கு ஒரு வரி போதும்.

கல் ஏற்றினீர்களா, வைக்கோலா? அதையும் எழுதவும்.

வீரணன்


மெட்ராஸ்
20-6-46

அன்புத் தம்பி வீரணனுக்கு அண்ணன் காசிமாயன் எழுதுவது. கடவுள் அருளால் இங்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கு உன் சுகத்துக்கும் அக்கா சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

வேலை மும்முரம், அதனால்தான் எழுதவில்லை. கோபிக்காதே. படம் நன்றாக வந்துகொண்டிருக்கிறது. முதலாளி கதையின் முடிவை மாற்றச் சொல்லிவிட்டார். மாடு சாகாது. வளர்த்தவள் கடைசி நேரத்தில் வந்து மீட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள், அங்கே ஒரு பாட்டு. ஜனங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டுமே. நீ புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவாய் என்று தெரியும். சினிமா வேறு, புத்தகம் வேறு.

முடிவை மறுபடி எடுக்கிற வேலை பாக்கி இருப்பதால் மாட்டு விஷயமாக அக்காவை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ளச் சொல். முத்துக்கருப்பன் மாமாவின் ஏரை இந்த ஒரு உழவுக்குக் கேட்டுப் பார்க்கட்டும்.

கல் விஷயம் கேட்டிருந்தாய். டைரக்டர் பார்த்துக்கொண்டார். நீ அதை நினைத்துக்கொண்டிருக்காதே.

வேளா வேளைக்குச் சாப்பிடு. மிஷினின் கார்பன் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்காதே.

என்றும் உன் நன்மையை விரும்பும்
காசிமாயன்


தல்லாகுளம்
27-10-46

அண்ணனுக்கு. நான் நலம். நீங்களும் அப்படியே என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தீபாவளிக்குப் படம் எங்கள் டாக்கீஸுக்கே வந்திருக்கிறது. தினம் மூன்று காட்சி நானே ஓட்டுகிறேன். இதுவரை பதினொரு தடவை பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய நாவல் பிரதியைக் கேபினில் வைத்திருக்கிறேன். ரீல் மாற்றுகிற இடைவெளியில் பக்கத்தைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எனக்கு வேலை.

புத்தகத்தில் ஒரு மனிதருக்கும் பெயர் கிடையாது. மாட்டுக்கு என்ன தெரியும், கை தெரியும். வளையல் கை வளர்க்கிறது. புகையிலைக் கை வாங்குகிறது. மோதிரக் கை விற்கிறது. தழும்புக் கை கல்வண்டியில் பூட்டுகிறது. இருநூறு பக்கமும் அப்படித்தான் போகிறது. படத்தில் புகையிலைக் கைக்கு ஜமீன்தார் வேஷம் கட்டி, மோதிரக் கைக்கு ஒரு காதலியையும் கொடுத்திருக்கிறீர்கள். மாடு நடுவில் எங்கேயோ நிற்கிறது. மூன்றாவது ரீலிலிருந்து இருபது நிமிஷம் மாடே இல்லை. மாட்டுக்கதையில் மாட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு இடம் புத்தகத்தை ஜெயித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயஸ்தன் இல்லை. ஒன்பதாவது ரீலில் வண்டி குவாரி ஏற்றத்தில் ஏறுகிறதே, பாட்டில்லை, பேச்சில்லை, அச்சு முனகுகிற சத்தமும் மாட்டின் மூச்சும் மட்டும். நாற்பது அடி ஃபிலிம்தான் இருக்கும். முதுகுத்தண்டு வளைகிறதும் குளம்பு பாறையில் தேடுகிறதும் எழுத்தில் வராது. நான் சொன்ன மாதிரியே நிஜக் கல் ஏற்றியிருக்கிறீர்கள். அந்த இடம் வரும்போது மட்டும் ஸ்பீக்கர் சத்தத்தை இரண்டு புள்ளி ஏற்றி வைக்கிறேன். தரை டிக்கெட்டில் ஒருவன் இருமுவதில்லை.

அங்கிருந்து ஒரே வெட்டு. வளையல் கை ஓடி வருகிறது, மழை பெய்கிறது, பாட்டு. புத்தகத்தில் அவள் ஒரு நாள் பிந்தி வருகிறாள். வந்து வெறும் நுகத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். அதோடு முடிகிறது. அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்தப் புத்தகத்தை எழுதியிருக்கிறார்கள். அதைத் தூக்கிப் போட உங்கள் முதலாளிக்கு எப்படி மனசு வந்தது? அதை எடுக்க தைரியமில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. கடைசி ரீலில் சுட்டி நுகத்தின் இடப்பக்கம் நடக்கிறது. நம் சுட்டி வலத்தன். ஃபிலிமைத் திருப்பி அச்சடித்துவிட்டார்களோ என்று பார்த்தேன். பின்னால் உள்ள கடைப் பலகையின் எழுத்து நேராகத்தான் இருக்கிறது. பிறகு எப்படி?

உடனே பதில் போடவும்.
வீரணன்


தல்லாகுளம்
5-11-46

அண்ணே,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. மன்னிக்கவும்.

இன்று காலை கடைசி ரீலைச் சுற்றுகிற மேசையில் போட்டு லென்ஸ் வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். பாட்டில் அந்தப் பெண் மாட்டின் முதுகைத் தடவுகிறாள், திமிலுக்குப் பின்னால், கிட்டத்தில். நம் சுட்டிக்கு அங்கே ஜோடிச் சுழி. மயிர் இரண்டு பக்கமும் பிரிந்து சுழித்திருக்கும். சந்தையில் விலை கேட்டு வந்தவனெல்லாம் முதலில் அங்கேதான் கையை வைப்பான். உங்கள் மாட்டுக்கு அங்கே ஒரு சுழியும் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நெற்றி வெள்ளை சுண்ணாம்பு. மழையில் ஒரு ஓரம் கரைவதுகூடத் தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லாச் செவலையும் ஒன்றுதான், நெற்றியைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். சுழியைப் பார்ப்பான் ஒருவன் என்று மெட்ராஸ்காரர்களுக்குத் தோன்றவில்லை. உங்களுக்குமா தோன்றவில்லை?

ஒன்பதாவது ரீலில் இருப்பது சுட்டி. பதின்மூன்றாவது ரீலில் இருப்பது வேறு மாடு. நடுவில் என்ன நடந்தது?

விற்றுவிட்டீர்களா? விற்றிருந்தால் யாரிடம் என்று சொல்லுங்கள், நான் போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அக்கா இந்த மாதம் படம் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. "எம் புள்ளையைத் திரையிலயாச்சும் பாப்பம்" என்றதாம். ஐப்பசி மழை பெய்தும் நிலம் உழாமல் கிடக்கிறது, அக்கா இன்னும் வேறு மாடு பிடிக்க மாட்டேன் என்கிறது. நான் பொறுப்பு என்று சொன்ன ஒரு சொல்லை நம்பி மயிலையை ஒற்றையாகக் கட்டி வைத்துத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள். எதுவானாலும் நேராகக் கேட்கிறவன் நான், உங்களுக்குத் தெரியும்.

வீரணன்


மெட்ராஸ்
16-11-46

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் எட்டு மாதம் உண்மையை எழுதாமல் இருந்தேன்.

சுட்டி இல்லை. மார்ச் இருபத்தெட்டாம் தேதியே போய்விட்டது.

உன் புத்தகத்தின் முடிவைத்தான் எடுத்தோம். தைரியமில்லாமல் இல்லை. முதலில் வைக்கோல் வண்டிதான் கட்டினோம். நீ சொன்னபடி அது துள்ளியது, டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. அப்போது உன் கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். என் தம்பி படித்தவன் என்று பெருமையாகத்தான் காட்டினேன். அவர் கைதட்டி, அரை டன் ஏற்றச் சொன்னார்.

ஏற்றம் பத்துக்கு ஒன்று இல்லை தம்பி. நீ வந்து பார்க்கவில்லை. ஐந்துக்கு ஒன்று இருக்கும், மேலே சில்லுக்கல். மாடு பிடிக்கிற எனக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கணக்குப் போட்டவன் சொல்லியிருக்கிறானே என்று வாயை மூடிக்கொண்டேன். முக்கால் ஏற்றம் ஏறிவிட்டது. வண்டி பின்னால் நழுவியது. இடப்பக்கம் கட்டிய வாடகை மாடு நுகத்துப் பூட்டாங்கயிறு அறுந்து தப்பிவிட்டது. சுட்டி நுகத்தை விடவில்லை. அது அப்படிப் பழகிய மாடு. நுகத்தோடு பள்ளத்துக்குப் போய்விட்டது. காமிரா ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் வரை உயிர் இருந்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். திமிலுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டிருந்தேன். அடங்கிய பிறகு கயிற்றை என் கை தானாகக் கழற்றியது. அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. அதனால்தான் அக்காவுக்கு அனுப்பினேன். எழுத வார்த்தை வரவில்லை.

எடுத்ததை முதலாளிக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் பாதியில் எழுந்து போய்விட்டார். இதை எவனுக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் மேலூர்ச் சந்தையில் வேறு மாடு பிடித்து, சுண்ணாம்பு பூசி, பாட்டுப் போட்டு முடித்தோம். ஒன்பதாவது ரீலில் நீ மெச்சிய அந்த நாற்பது அடி அன்று எடுத்ததுதான். அதற்கு அடுத்த அடியில் வெட்டியிருக்கிறார்கள்.

அக்காவிடம் நான் சொல்கிறேன். கவனக்குறைவு என்னுடையது என்றே சொல்கிறேன். உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

உன்னை ஒருபோதும் குறை சொல்லாத
அண்ணன்


தல்லாகுளம்
19-11-46

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கிற யோக்கியதை இந்தக் கடிதத்துக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சுட்டி செத்துப் போய்விட்டது அக்கா. பங்குனியிலேயே. மேலூர்க் குவாரி ஏற்றத்தில் கல்வண்டி நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. அண்ணன் கூட இருந்திருக்கிறார். குற்றம் தன்னுடையது என்று உனக்கு எழுதுவார். நம்பாதே. வைக்கோல் வண்டி கட்டியவர்களை நிஜக் கல் ஏற்றச் சொன்னது நான். ஏற்றத்தைக் கண்ணால் பார்க்காமல் கேபினில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டேன். திரையில் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நன்றாகத்தான் தெரிகிறது. தினம் மூன்று தடவை பார்க்கிறேன்.

சத்தத்தை ஏற்றி வைத்திருந்தேன். இப்போது அந்த இடம் வந்தால் சத்தத்தை அடைத்துவிடுகிறேன். ஜனங்கள் மேலே திரும்பிப் பார்த்து விசிலடிக்கிறார்கள். மானேஜர் வந்து திட்டினார். மிஷின் கோளாறு என்றேன். என் வாழ்க்கையில் மிஷின் மேல் நான் பழி போட்டது அதுதான் முதல் தடவை.

கயிறு வந்தபோது நீ கேட்டாய். சகுனம் இல்லை என்று உனக்கே புத்தி சொன்னேன்.

படம் பார்க்க வராதே. என்னை என்ன வேண்டுமானாலும் சொல், எழுது.

வீரணன்


பேரையூர்
23-11-46

தம்பி வீரணனுக்கு அக்கா மலையம்மாள்.

இங்கே மழை விட்டிருக்கு. மயிலைக்குத் தீனி செல்லுது. எனக்குத்தான் ரெண்டு நாளா இறங்கலை.

வராதேன்னு எழுதியிருக்கே. நான் வந்துட்டுப் போயாச்சு. புதன்கிழமை மத்தியானக் காட்சிக்கு பக்கத்து வீட்டு ஜெயக்கொடியும் நானும் கரியில ஓடுற கேஸ் பஸ்ஸுல வந்தோம். உன்னைப் பாக்கிறதுக்கு முந்தி அதைப் பாத்துடணும்னு நேரே பெண்கள் பெஞ்சுல போய் உக்காந்தேன். வீட்டுக்குத் திரும்பின மறுநாத்தான் உன் காயிதம் வந்துச்சு.

முதல்ல அது தலையை ஆட்டிக்கிட்டு வந்ததும் ஜெயக்கொடி, "மதினி, உங்க மகன் ஆக்டராயிட்டாருல்ல"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். அந்த ஏத்தம் வந்துச்சு. திடீர்னு சத்தமே நின்னு போச்சு. எல்லாரும் கூச்சல் போட்டாங்க. எனக்குச் சத்தம் வேண்டியிருக்கலை. அது கழுத்தை அந்த மாதிரித் தாழ்த்தினா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். முடியலைன்னு அர்த்தம். அந்த இடத்துல நிறுத்தி நுகத்தை எறக்கணும். யாரும் எறக்கலை.

அப்புறம் பாட்டுல ஒரு மாடு வந்துச்சு. அது இடப்பக்கம் போய் நின்னதுமே ஜெயக்கொடி கையைப் பிடிச்சேன். பாட்டு முடியுற வரைக்கும் விடலை.

படம் விட்டதும் மிசின் ரூம் படி வரைக்கும் ஏறி வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. உள்ளே நீ நடக்கிற சத்தம் கேட்டுச்சு. தட்டலாம்னு கையைத் தூக்கினேன். இவனா சொல்றானான்னு பாப்பம்னு இறங்கிட்டேன். சொல்லிட்டே. காசிமாயனும் எழுதியிருக்கான், எல்லாம் அவன் செஞ்சதுன்னு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு காயிதத்துல பழியைப் பங்கு போட்டுக்கிட்டிருக்கீங்க. கொடுத்தவ நான். எனக்கு ஒரு பங்கு வைக்கத் தோணலை ஒருத்தனுக்கும்.

உன் மேல கோவம் இருக்கு. இல்லைன்னு எழுதினா அது பொய். எப்போ போகும்னு எனக்குத் தெரியாது. போகலைன்னாலும் நீ வந்தா சோறு போடுவேன்.

மயிலையை நாளைக்கு முத்துக்கருப்பன் மாமா ஓட்டிட்டுப் போறார். அவர் வீட்டுல ஒரு வலத்தன் இருக்கு. பழகுதா பாப்பம்.

வர்ற வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன். மேலூர் போகணும். அந்த ஏத்தம் எங்கேன்னு கேட்டு வச்சிரு. காசிமாயனையும் வரச் சொல்லி எழுதியிருக்கேன், அவன்தான் எந்த இடம்னு காட்டணும். நான் கயித்தைக் கொண்டு வாரேன். நீ அந்தப் புத்தகத்தைக் கொண்டு வராதே.

அக்கா
மலையம்மாள்